மழைக்கு முன்னாடி எதை எதால் ஒட்டுவது?

மே மாதம் பிறந்தால் மும்பை ஹார்டுவேர் கடைக்காரர்களுக்கு தீபாவளி. நீலக் கலர் தார்ப்பாய் ரோல் ரோலாக நடைபாதைக்கு வந்துவிடும் (இங்கே தாட்பத்ரி என்பார்கள்). மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். பக்கத்திலேயே தார் டப்பா, எம்-சீல், சிலிக்கான் ட்யூப் எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். "பானி டபக்தா ஹை" என்று சொன்னால் போதும், கைக்கு எட்டுகிற ட்யூபை எடுத்து நீட்டிவிடுவார்கள். எங்கே ஒழுகுகிறது, தகரமா சிமெண்ட் ஷீட்டா, எதன் மேல் எது ஒட்டணும்... ஒரு கேள்வி கிடையாது. காய்ச்சல் என்று போனால் எந்தக் காய்ச்சல் என்று கேட்காமல் மாத்திரை கொடுக்கிற மாதிரிதான்.

எனக்கு இது தொழில் சம்பந்தப்பட்ட எரிச்சல். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்ததும் முதல் வேலை கரூரில், பஸ் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பசை சப்ளை செய்யும் ஏஜென்சியில். பஸ்ஸுக்கு முன்கண்ணாடி ஒட்டுவதிலிருந்து கூரைத் தகட்டு இடுக்கு அடைப்பது வரை அங்கேதான் கற்றுக்கொண்டேன். 2006ல் மும்பை வந்தேன். இப்போது செம்பூர் வாசி, ஒரு பசை கம்பெனியில் டெக்னிகல் சர்வீஸ். கம்பெனி பேர் வேண்டாம், விளம்பரம் என்பீர்கள். தங்கமணி யாரிடமாவது என்னை அறிமுகப்படுத்தினால் "கோந்து விக்கிறாரு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார் :-)

ஆகவே சொந்தக்காரர்கள் யார் வீட்டில் ஒழுகினாலும் போன் எனக்கு. மாட்டுங்காவில் ஒரு மாமா, தாராவியில் அத்தை, போதாக்குறைக்கு மெல்பர்னில் மச்சினன். மூன்று பேருக்கும் சொன்னதைச் சேர்த்து எழுதிவிட்டால் அடுத்த மே மாதம் லிங்க் கொடுத்துவிட்டுத் தூங்கலாம் என்ற சுயநலம்தான் இந்தப் பதிவு.

மாட்டுங்கா மாமா கேஸ் சுலபம். பழைய காலத்து கான்கிரீட் கட்டடம், மொட்டை மாடியில் ப்ரிக்பேட் கோபா. உடைத்த செங்கல்லைக் கலவையில் பதித்து, தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்துப் பூசுகிற மும்பை வழக்கம் அது. அது வெடித்துவிட்டால் ட்யூப் பசையால் ஆகிற காரியம் இல்லை. சொசைட்டி மீட்டிங் போட்டு, மூன்று கொட்டேஷன் வாங்கி, சண்டை போட்டு, கடைசியில் மாடிக்கு மேல் தகர ஷெட் போட்டு முடித்துக்கொள்வார்கள். மாமாவிடம் அதைச் சொல்லிவிட்டு ஃபில்டர் காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அத்தை கேஸ்தான் பெரிசு.

அத்தை என்றால் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை. கல்யாணமாகி 1980களில் தாராவி வந்தவர். மாமா போய்ச் சேர்ந்த பிறகும் இட்லி வியாபாரத்தை விடவில்லை. கீழே ஒரே அறை. அங்கேதான் கிரைண்டர், அரிசி மூட்டை, இட்லிக் கொப்பரை. விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு பற்ற வைத்தால் ஆறு மணிக்கு அலுமினியப் பாத்திரங்கள் சைக்கிளில் ஏறும். மேலே, இரும்பு ஏணி ஏறிப் போனால், மகனுக்குக் கல்யாணம் ஆனபோது எழுப்பிய மாடி. இரும்பு ஆங்கிளில் சட்டம், மூன்று பக்கம் தகரம், நாலாவது பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் செங்கல் சுவர். கூரையும் தகரம்தான், இங்கே பத்ரா என்பார்கள். அதில் மகன், மருமகள், பேத்தி. பேத்தி போன வருஷம், அதாவது 2025ல், பத்தாவது எழுதியிருந்தாள்.

மே முதல் வாரத்திலேயே ஒருநாள் இடி மின்னலோடு மழை கொட்டியது. மறுநாள் காலை போன்.

"ஏய்யா மருமவனே, மாடியில நாலு எடத்துல ஊத்துது. பிள்ள ராத்திரி பூரா குடத்த மாத்தி மாத்தி வச்சிக்கிட்டு இருந்திருக்கு. நீ வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போயேன்."

"ஒரு நல்ல ஆளா வச்சு ஷீட்டையே மாத்திரலாமே அத்தை?"

"இடிக்கப் போற வீட்டுக்கு எதுக்குய்யா புது ஷீட்டு?"

இதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாராவி மறுசீரமைப்பு டெண்டர் 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குப் போனது, 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது, இதெல்லாம் நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். அத்தை சந்திலும் வந்து கதவில் நம்பர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். விதி என்ன என்றால், 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே கீழ்த்தளத்தில் இருப்பதாகக் காகிதம் காட்டுபவர்களுக்கு தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசம். மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு தாராவிக்கு வெளியே, வாடகை கட்டிப் பிறகு சொந்தமாக்கிக்கொள்ளும் திட்டத்தில். அதாவது ஒரே ஏணியின் அடியில் இருக்கிற அத்தைக்கு ஒரு ஊர், உச்சியில் இருக்கிற பேத்திக்கு இன்னொரு ஊர். எப்போது, எங்கே என்று அந்தச் சந்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் மழை ஜூனில் வந்துவிடும்.

மே 11, ஞாயிறு. பையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏணி ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு தகரப்பெட்டி. சுவர் ஓரமாக, ஒழுகுகிற இடத்துக்கு நேர் கீழே, அதன் மேல் பழைய பிளெக்ஸ் பேனரைப் போர்த்தி ஒரு குண்டானையும் வைத்திருந்தார்கள்.

"அதுல என்ன?"

"எல்லாம் காயிதம்தான் மாமா" என்றாள் அத்தையின் மருமகள். திறந்து காட்டினாள். 1990களின் கரண்ட் பில்கள், வாக்காளர் பட்டியல் நகல், மாமாவின் ரேஷன் கார்டு, எல்லாம் பழுப்பேறி, ஓரத்தில் ஈரக்கறையோடு. 2000க்கு முன்னால் இந்தக் குடும்பம் இந்த இடத்தில் இருந்தது என்பதற்கு உலகத்தில் இருக்கிற சாட்சி அவ்வளவுதான். கீழே வைத்தால் ஆவியும் மாவுமாகக் கிடக்கும் என்று மேலே வைத்திருக்கிறார்கள். மேலே ஒழுகுகிறது.

"மொதல்ல பெட்டிய அந்தப் பக்கம் நகத்துங்க" என்றேன். நகர்த்த இடம் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் காய்ந்த மூலை என்பது கட்டில் இருக்கிற மூலை மட்டும்தான். கட்டிலுக்கு அடியில் அரிசி மூட்டை. ஒழுகலை நிறுத்தினால்தான் பெட்டிக்கு வழி.

மேட்டருக்கு வருவோம்.

கூரை மேல் ஏறிப் பார்த்தால் பசை மியூசியமே இருந்தது. ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொருவர் எதையோ அப்பியிருக்கிறார்கள். ஒரு ஓரம் தார். இன்னொரு ஓரம் எம்-சீல். ஷீட்டு சேருமிடத்தில் வெள்ளை சிலிக்கான். எல்லாவற்றுக்கும் மேல் நீலத் தார்ப்பாய், அதன் ஓரத்தை மஞ்சள் 'சொல்யூஷன்' போட்டு ஒட்டப் பார்த்து, அது உரிந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

இதில் ஒவ்வொன்றும் ஏன் தோற்றது என்று சொன்னாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

எம்-சீல் நல்ல சரக்கு. உயில் எழுதும்போது மேலேயிருந்து ஒரு சொட்டு விழுந்து காரியத்தைக் கெடுக்கும் அந்த விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? இரண்டு களிமண் உருண்டையைப் பிசைந்து வைத்தால் கல் மாதிரி இறுகும் எபாக்ஸி. குழாய் ஒழுகலுக்கு அருமை. ஆனால் கூரைத் தகரம் சும்மா இருக்காது. பத்தடி ஷீட், அதாவது மூன்று மீட்டர். ராத்திரி 25 டிகிரி, மத்தியான வெயிலில் தகரம் 65ஐத் தொடும். இரும்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். 40 டிகிரிக்குப் பெருக்கினால் ஷீட் தினமும் ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. எம்-சீல் நீளாது. ஆகவே ஓரத்தில் மயிரிழை விட்டுக்கொள்ளும். தண்ணீருக்கு அது போதும். கூரைக்கு வேண்டியது பலம் இல்லை, இழுத்தால் கூட வருகிற குணம். ஒட்டுவதற்கு ஒரு பசை, அடைப்பதற்கு வேறு பசை என்று நான் தலைபாடாக அடித்துக்கொள்வது இதைத்தான்.

சிலிக்கான் இழுபடும்தானே, அது ஏன் தோற்றது? வாசனை பிடித்துப் பார்த்தால் தெரியும். ட்யூபைத் திறந்ததும் ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகர் வாசனை வந்தால் அது அசிடாக்ஸி வகை. கடையில் "ஜி.பி." என்று விற்கிற மலிவுச் சரக்கு பெரும்பாலும் இதுதான். காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். கண்ணாடிக்கும் பாத்ரூம் டைலுக்கும் சரி. துத்தநாகம் பூசிய தகரத்தில் போட்டால் அந்த அமிலம் துத்தநாகத்தை அரிக்கும். சிமெண்ட் மேல் போட்டால் சிமெண்டில் இருக்கிற சுண்ணாம்போடு வினை புரியும், பிடிப்பு போய்விடும். கவரில் "நியூட்ரல்" என்று போட்ட சிலிக்கானைக் கேட்டு வாங்க வேண்டும். விலை கொஞ்சம் கூட. ஆனாலும் சிலிக்கானில் இன்னொரு வம்பு உண்டு, அதை மச்சினன் கதையில் சொல்கிறேன்.

தார்ப்பாய்? அது பாலித்தீன். உலகத்தில் சாதாரணப் பசை எதுவும் பாலித்தீனில் ஒட்டாது. ஃபெவிகாலே பாலித்தீன் பாட்டிலில்தானே வருகிறது, யோசித்துப் பாருங்கள்! பசை பரவுவதற்கே அந்த மேற்பரப்பு இடம் கொடுக்காது, வாழை இலையில் தண்ணீர் மாதிரி உருண்டுவிடும். சூடு வைத்து இணைக்கலாம், கயிறு போட்டுக் கட்டலாம், மேலே டயர் வைக்கலாம். தாராவி முழுக்கக் கூரையில் டயரும் கல்லும் இருப்பது சும்மா இல்லை, அந்த மக்களுக்கு இது எனக்கு முன்னாடியே தெரியும்.

(ஃபெவிகால் என்றதும் ஒரு சின்ன கொசுவத்தி. 1959ல் பல்வந்த் பாரேக் இதே மும்பையில் ஆரம்பித்த கம்பெனி. அதுவரை ஆசாரிமார் மாட்டு எலும்பு, தோல் காய்ச்சிய வஜ்ரத்தைச் சூடு பண்ணிப் பூசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் ஆசாரி பட்டறையில் அந்த நாற்றத்தை நானே முகர்ந்திருக்கிறேன். வெள்ளைப் பசை வந்து அவர்களுக்கு விடுதலை கொடுத்தது. ஆனால் சாதா வெள்ளைப் பசை தண்ணீரில் ஊறினால் இளகும். மர வேலைக்கு ராஜா, மழைக்கு ஆகாது.)

நாலு இடமும் எங்கேயிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அடுத்த வேலை. தண்ணீர் விழுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பக்கூடாது. ஷீட்டின் பள்ளத்தில் ஓடி, ஆங்கிளில் இறங்கி, எங்கேயோ சொட்டும். கீழே இருந்து மேலே என்று வாட்டத்துக்கு எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றிச் சோதிக்க வேண்டும். உச்சியில் முதலில் ஊற்றினால் எல்லாம் நனைந்து ஒன்றும் புரியாது. பேத்தி உள்ளே டார்ச்சோடு நின்றாள், நான் மேலே வாளியோடு. "வரல... வரல... மாமா வந்துட்டு!" என்று அவள் கத்த, நான் சாக்பீஸால் வட்டம் போட்டேன். அந்தத் தண்ணீரும் சும்மா கிடைத்ததில்லை, காலையில் குழாய் வரும் நேரத்தில் மூன்று வாளி கூடப் பிடித்து வைத்தது. அளந்து அளந்துதான் ஊற்றினேன்.

இரண்டு ஒழுகல் ஸ்க்ரூ தலையில். ஸ்க்ரூவுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து பிஸ்கட் மாதிரி நொறுங்கியிருந்தது. இதற்கு மேலே பசை அப்புவதுதான் எல்லோரும் செய்வது. வேண்டாம். ஸ்க்ரூவைக் கழற்றி, ஒரு சைஸ் பெரிய ஸ்க்ரூவை, புது ஈ.பி.டி.எம். ரப்பர் வாஷரோடு போட்டால் முடிந்தது. பசை விற்கிறவன் சொல்கிறேன், பசை இல்லாமல் முடிகிற இடத்தில் பசை வேண்டாம். வாஷர் லேசாகப் பிதுங்கும் வரை முறுக்கினால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் கிழியும்.

மூன்றாவது, இரண்டு ஷீட் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடம். அங்கே பியூட்டைல் டேப். கறுப்பாக, பிசுபிசுவென்று, பலாப்பழப் பிசின் மாதிரி இருக்கும். இது இறுகவே இறுகாது, அதுதான் அதன் சிறப்பு. இரண்டு ஷீட்டுக்கும் நடுவில் வைத்து ஸ்க்ரூவால் அழுத்தினால் வருஷக்கணக்கில் அப்படியே நசுங்கியே இருக்கும். தகரம் நீண்டால் கூடவே நகரும். முகத்தில் அலுமினியத் தாள் ஒட்டிய டேப்பும் உண்டு, அது மேலே ஒட்டுவதற்கு. நாக்தேவி தெருவில் தேடினால் கிடைக்கும்.

நாலாவதுதான் பெட்டிக்கு மேலே ஒழுகியது. எங்கள் கூரைத் தகரம் பக்கத்து வீட்டுச் செங்கல் சுவரைத் தொடுகிற இடம். வருஷா வருஷம் சிமெண்ட் கலவை வைத்துப் பூசுகிறார்கள், வருஷா வருஷம் விட்டுப்போகிறது. தகரம் ஆடும், சுவர் ஆடாது, நடுவில் சிமெண்ட் என்ன செய்யும் பாவம்? இதைச் சரி செய்ய வேண்டுமானால் ஒரு தகரப் பட்டையை மடித்து, சுவரில் ஆணி அடித்து, மேல் ஓரத்தைப் பசையால் அடைக்க வேண்டும். சுவர் அவர்களுடையது.

அத்தை முகம் மாறிவிட்டது. "அவங்க சம்மதிக்க மாட்டாவ மருமவனே. சர்வேக்கு அப்பறம் யாரும் யார் செவத்துலயும் கை வைக்க விடமாட்டுக்காங்க."

உண்மைதான். எது யார் சுவர், எந்த அளவு யார் கணக்கில் என்பதே எல்லோருக்கும் பயமாக இருக்கிற நேரத்தில், துளைக்கருவியோடு ஒருவன் போய் நின்றால்? பக்கத்து வீடு பீகாரிலிருந்து வந்தவர். லெதர் பர்ஸ், பெல்ட் தைக்கிறார். மாடியில் நாலு பையன்கள் வேலை செய்கிறார்கள். நான் போய் என் ஹிந்தியில் விளக்கினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மேலே ஏறி வந்து பார்த்தார். தண்ணீர் அவர் பக்கமும் இறங்கி, உள் சுவரில் உப்புப் பூத்திருந்ததாம். தோலுக்குப் பூஞ்சை வருகிறது என்றார். ஐந்து நிமிஷ யோசனைக்குப் பிறகு கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நாளைக்கு யாராவது வந்து கேட்டால் இது ரெண்டு வீட்டுக்கும் பொது ரிப்பேர் என்று சொல்லுவீர்களா?" அத்தை தமிழிலேயே "சொல்லுவேன்யா" என்றார். அவருக்குப் புரிந்தது.

அந்தத் தார்ப்பாயில் சொல்யூஷன் போட்டது அவர்தான் என்பது பிறகு தெரிந்தது. ஒரு மழை ராத்திரியில் உதவிக்கு ஓடி வந்து போட்டது. சொல்யூஷன் என்பது ரப்பரைக் கரைப்பானில் கரைத்தது. செருப்பு, பை, லெதர் எல்லாவற்றுக்கும் அதுதான். இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவு காயவிட்டு, பிறகு அழுத்தித் தட்ட வேண்டும். இந்த விஷயத்தில் அவர் பையன்கள் எனக்கே பாடம் எடுப்பார்கள். எந்தத் தோலையும் தேய்த்துச் சொரசொரப்பாக்காமல் பசை தொடமாட்டார்கள். நான் ஒவ்வொரு ட்ரெய்னிங்கிலும் கத்திக் கத்திச் சொல்லும் "சுத்தம் பண்ணு, தேய், துடை" மந்திரம் அங்கே பதினெட்டு வயசுப் பையன் கையில் தானாக நடக்கிறது. நாங்கள் சுவர் ஓரத்தைச் சுரண்ட ஆரம்பித்ததும் அவர்களே வயர் பிரஷ்ஷோடு வந்துவிட்டார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நாங்கள் தேய்த்தது தகரத்தையும் காரையையும். உங்கள் கூரை பழைய சிமெண்ட் ஷீட்டாக இருந்தால் காய்ந்த நிலையில் வயர் பிரஷ் போடவே கூடாது. அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரம் பண்ணி, முகமூடி போட்டு, முடிந்தால் தொடாமலே விடுங்கள். இன்னொன்று, சொல்யூஷனை மூடிய அறைக்குள் கிலோ கணக்கில் பூசாதீர்கள். அந்த ஆவி தலை சுற்ற வைக்கும், தீப்பிடிக்கவும் செய்யும். கீழே இட்லி அடுப்பு எரிகிற வீட்டில் கேட்கவே வேண்டாம்.

சுவர் ஓரத்துக்கு நான் எடுத்துப் போனது பாலியூரித்தேன் சீலண்ட், சுருக்கமாக பி.யூ. பஸ் கண்ணாடி ஒட்டுகிற அதே ஜாதி. தகரத்தையும் காரையையும் ஒன்றாகப் பிடிக்கும், இழுபடும், மேலே பெயின்ட் அடிக்கலாம். குறை என்னவென்றால் வெயில் நேராகப் பட்டால் மேலே வெடித்து மாவாகும். பெயின்ட் அடித்தால் தப்பிக்கும். ஈரச் சுவரில் போட்டால் தண்ணீரோடு வினைபுரிந்து கரியமில வாயு விட்டு நுரைத்துவிடும், உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை. அதனால்தான் மே மாதமே செய்யணும் என்பது. மழை வந்தபிறகு ட்யூபோடு ஓடுவது வீண். அப்படி ஓடியே ஆகவேண்டும் என்றால் எம்.எஸ். பாலிமர் என்ற வகை இருக்கிறது, ஜப்பான்காரன் கண்டுபிடிப்பு. லேசான ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், விலைதான் கடிக்கும்.

இடுக்கை முழுசாகப் பசையால் நிரப்பக்கூடாது. பின்னால் ஒரு ஃபோம் கயிறைத் திணித்துவிட்டு அதன் மேல் பசையை ஓட்ட வேண்டும். பசை இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்டினால்தான் ரப்பர் பேண்ட் மாதிரி இழுபடும்; அடியிலும் ஒட்டிக்கொண்டால் கிழியும். இறுகுவதும் மெதுவாகத்தான், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம். விரலால் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பச்சையாகத்தான் இருக்கும். ஆகவே குறைந்தது நாலைந்து நாள் வெயில் வேண்டும்.

மொத்தச் செலவு மூவாயிரத்துக்குள். பாய் பாதி கொடுத்தார். அத்தை வேண்டாம் என்றும் வாங்கிக்கொள்ள வைத்தார்.

நடுவில் மச்சினன் கதை. மெல்பர்னில் கேரவன் வாங்கியிருக்கிறான், செகண்ட் ஹேண்ட். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊர் சுற்றப் போகிறானாம். வாங்கிய மாசமே கூரை ஒழுகல். வீடியோ காலில் காட்டினான். பார்த்ததும் சிரிப்பு வந்தது. அத்தை மாடியும் அவன் கேரவனும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி! அலுமினியத் தகடு, மரச் சட்டம், ஸ்க்ரூ, ஓரப் பட்டை. அலுமினியம் இரும்பைவிட இரண்டு மடங்கு நீளும், ரோட்டில் குலுங்கவும் செய்யும், அவ்வளவுதான் வித்தியாசம். முன்னாள் சொந்தக்காரர் எல்லா இடுக்கிலும் சிலிக்கானைப் பிதுக்கி வைத்திருக்கிறார்.

நான் முன்னாடி சொன்ன வம்பு இதுதான். இறுகிய சிலிக்கான் மேல் வேறெதுவும் ஒட்டாது, பெயின்ட் நிற்காது, புது சிலிக்கானே சரியாகப் பிடிக்காது. துளிகூட மிச்சம் இல்லாமல் பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகுதான் மறு வேலை. அவனுக்குச் சொன்னது: ஓரப் பட்டைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் அடியில் பியூட்டைல், வெளி இடுக்குக்கு பி.யூ. அல்லது எம்.எஸ்.; அக்ரிலிக் ஜன்னல் பக்கம் கரைப்பான் உள்ள எதையும் கொண்டு போகாதே, கண்ணாடி முழுக்க மயிர்க்கோடு விழுந்துவிடும். கூரை ரப்பர் விரிப்பாக இருந்தால் தார் சம்பந்தப்பட்ட எதையும் தொடாதே, ரப்பர் உப்பிவிடும். முக்கியமாக, சுவரை விரலால் அழுத்திப் பார், மெத்தென்று இருந்தால் உள்ளே மரம் உளுத்துவிட்டது என்று அர்த்தம், அப்போது பசை வாங்காதே, ஆசாரியைப் பார். "ரெண்டு நாள் லீவு போட்டு சுரண்டணுமா அத்தான்?" என்று அலுத்துக்கொண்டான். ஆமாம் என்றேன்.

மும்பையில் பருவமழை ஜூன் 11 வாக்கில் வருவதுதான் வழக்கம். 2025ல் மே 26 அன்றே வந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் வந்ததே இல்லை என்று வானிலைக்காரர்கள் சொன்னார்கள். திறந்து சில வாரம்கூட ஆகாத வொர்லி மெட்ரோ ஸ்டேஷனுக்குள் தண்ணீர் புகுந்த படம் எல்லோர் போனிலும் சுற்றியது. ஜூன் முதல் வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தவர்கள் எல்லாம் அன்று தார்ப்பாய்க் கடையில் அடித்துக்கொண்டு நின்றார்கள்.

செம்பூரில் முழங்கால் தண்ணீர். நானே அத்தைக்குப் போன் போட்டேன்.

"மருமவனே, மூணு எடம் சுத்தமா இல்ல. செவத்துப் பக்கம் லேசா வேர்த்த மாதிரி இருக்கு, சொட்டல."

"வேர்வையா, ஒழுகலா?"

"இரு, பிள்ளைட்ட குடுக்கேன்."

பேத்தி விரலால் தடவிப் பார்த்துச் சொன்னாள். தகரம் முழுக்க அந்த ஈரம் இருக்கிறதாம், ஸ்க்ரூ பக்கம் மட்டும் இல்லை. கீழே இட்லி ஆவி ஏறி மேலே குளிர்ந்த தகரத்தில் படிகிறது. இதற்கு எந்தப் பசையும் கிடையாது, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொன்னேன். பெட்டியைப் பற்றிக் கேட்டேன்.

"காயிதத்த எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டிரம்முல போட்டு மூடிட்டோம் மாமா. பதிமூணாம் காம்பவுண்டுல வாங்கினது, மூடி டைட்டா இருக்கு. பெட்டில இப்ப என் புக்கு இருக்கு. காலேஜுக்கு."

பாதி மிஞ்சின பி.யூ. ட்யூபை என்ன செய்வது என்று அத்தை கேட்டார். மூக்கில் ஒரு ஸ்க்ரூவைச் சொருகி வைத்தாலும் ரொம்ப நாள் தாங்காது, காற்றின் ஈரத்தில் உள்ளேயே இறுகிவிடும் என்றேன். வேலை நடந்த மறுநாளே பாய் கேட்டு வாங்கிக்கொண்டு போய்த் தன் ஜன்னல் சட்டத்துக்குப் போட்டுவிட்டாராம். நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் போட்டாராம்.